தறியும் தாய்மொழியும்

பாகிஸ்தானத்தின் வடமேற்கே உள்ள பெஷாவர் நகரில் ஒரு புதுமை உண்டு. சுற்றிலும் உள்ள நாட்டுப்புறத்தில் பஷ்தோ மொழி வழங்க, பழைய நகரின் கடைத்தெருக்களிலும் சந்துகளிலும் இந்துகோ என்னும் வேறொரு மொழி தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. அவ்வளவு தொலைவு சென்றுதான் இதனைக் காண வேண்டும் என்பதில்லை. நம் தமிழகத்து நகரங்களிலேயே, தெருவில் தமிழும் வீட்டில் வேறொரு மொழியும் பேசி வாழும் சமூகம் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சை, கும்பகோணம், பரமக்குடி, சேலம், எல்லாவற்றுக்கும் மேலாக மதுரை ஆகிய ஊர்களில் வாழும் சௌராஷ்டிரரையே குறிப்பிடுகிறேன். பட்டுநூல்காரர் என்பது அவர்களுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர்.

இவர்கள் எங்கிருந்து வந்தனர்? இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாந்தசோரில் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. தென்குஜராத்தைச் சேர்ந்த இலாட நாட்டிலிருந்து வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழு ஒன்று, கதிரவனுக்குக் கோயில் எடுத்ததையும், பின்னர் அதனைப் பழுது பார்த்ததையும் அது கூறுகிறது. அவர்களுள் சிலர் நெசவை விட்டு வில்வித்தையும் சோதிடமும் பயின்றனர் என்றும் அதிற் காண்கிறோம். அந்தக் குழுவினரே நம் சௌராஷ்டிரரின் முன்னோர் என்று பலர் கருதுவர். அதனை ஐயமற நிறுவுதல் இயலாது. ஆயினும், கல்வெட்டு காட்டாத வழியை அவர்தம் மொழி ஒருவாறு காட்டுகிறது. குஜராத்தியும் மராத்தியும் அதற்கு நெருங்கிய உறவு. நீரைப் 'பானி' என்றே இன்றும் வழங்குகின்றனர். அதன்மேல் தெலுங்குச் சொற்கள் மிகுதியாகப் படிந்துள்ளன. விஜயநகர ஆட்சிப் பகுதியில் அவர்கள் நெடுங்காலம் தங்கியதன் அடையாளம் இது எனலாம். இறுதியாக வந்து சேர்ந்தவை தமிழ்ச் சொற்கள்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்கள் இவர்கள் செறிந்து வாழ்ந்த இடம். அங்கே வீடு வேறு, தொழிற்சாலை வேறு என்பது இல்லை. கூடத்திலே குழித்தறி; ஆண்மகன் நாடாவை வீச, பெண்டிர் தார் சுற்றுவர்; விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரிக்க அண்டை வீட்டாரும் கைகொடுப்பர். துணியில் நுண்ணிய முடிச்சுக்களைக் கையாலிட்டுச் சாயம் தோய்த்து, முடிச்சை அவிழ்த்ததும் புள்ளிகள் மலரச் செய்யும் சுங்குடிச் சேலை அவர்தம் கைத்திறனுக்குச் சான்று. அதற்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. நாள் முழுதும் குடும்பம் ஒருங்கே உழைக்கும் இடத்தில் குழந்தை மொழியைப் பள்ளியிற் கற்க வேண்டுவதில்லை. தறியின் ஓசையோடு அதுவும் காதில் விழுந்தது.

சமூகத்தின் தகுதி பற்றிய வழக்கு இராணி மங்கம்மாள் காலத்தில் எழுந்தது. ஆவணி அவிட்டச் சடங்கு செய்ய இவர்களுக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. அறிஞர் கருத்தைக் கேட்டபின் அரசு அவ்வுரிமையை ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது மொழி பற்றிய கேள்வி. டி. எம். இராமராய் சௌராஷ்டிர எழுத்துக்களைச் சீர்திருத்தி, அச்சுக்கு இசையச் செய்து, பாடநூல்களும் இயற்றினார். மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பக்திப் பாடல்களை அம்மொழியிலே பாடி எளியோர் நாவிலும் நிலைபெறச் செய்தார். எனினும் எழுத்து எது என்ற விவாதம் முடியவில்லை. சிலர் தேவநாகரியை விரும்பினர். பெரும்பாலோர் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகினர்.

தமிழுக்கு இவர்கள் அயலாராய் இருந்ததும் இல்லை. திரைப்பாடலில் தெளிந்த தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கிய டி. எம். சௌந்தரராஜன் இம்மரபினர். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்னும் புதினமாக்கிய எம். வி. வெங்கட்ராம் எழுதியதும் தமிழிலேயே. வீட்டு மொழியைக் காத்தல் என்பது ஊர் மொழியை வெறுத்தல் அன்று என்பதற்கு இவ்விருவரும் போதிய சான்று.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு சௌராஷ்டிர மொழி பேசுவோர் ஏறத்தாழ 2,47,000 பேர் என்று காட்டுகிறது. தொகை சிறிதன்று, ஆனால் கவலை வேறிடத்தில் இருக்கிறது. விசைத்தறி வந்தபின் கைத்தறிகள் பல வீடுகளை விட்டு நீங்கின. மக்கள் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் செல்கின்றனர், அது வரவேற்கத்தக்கதே. மாந்தசோர் நெசவாளரும் அவ்வாறே பிற கலைகளை நாடினர் அன்றோ! ஆனால் தறி இருந்த கூடத்தில், அதனோடு ஒட்டி வாழ்ந்த பேச்சும் குறைந்து வருகிறது. பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்க, பேரன் தமிழில் விடை கூறும் காட்சி இன்று அரிதன்று.

பூர்விக நாடு எது, எழுத்து எது என்ற ஆராய்ச்சிகள் வேண்டியனவே. ஆயினும் இம்மொழி இத்தனை நூற்றாண்டு பிழைத்தது அவற்றால் அன்று. தாய் தன் குழந்தையோடு பேசியதால். தறி மீண்டும் எல்லா வீட்டிற்கும் வாராது. அப்பேச்சு நின்றுவிடாமற் காப்பது மட்டும் இன்னும் அவ்வீட்டாரின் கையிலேயே இருக்கிறது.