கேடயத்தில் அமர்ந்த காக்கைகள்

கல்லூரி வாயில்களிலும் பட்டச் சான்றிதழ்களின் தலைப்பிலும் கேடய வடிவான இலச்சினை பொறிக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். அழகுக்காக வரைந்தது என்றெண்ணி அப்பாற் சென்றுவிடுகிறோம். மேல்நாட்டு மரபில் அவ்விலச்சினை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறாகவே அமைவதுண்டு. ஆக்ஸ்போர்டு நகரத்துக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கேடயம் அத்தகையது.

அதனை 1525-இல் கார்டினல் கல்லூரி என்னும் பெயரால் நிறுவியவர் தாமஸ் வுல்சி. சபோக் பகுதியைச் சேர்ந்த இப்ஸ்விச் ஊரினர். எட்டாம் ஹென்றி மன்னனுக்கு அமைச்சராய் இருந்து இங்கிலாந்தையே ஆட்டிவைத்தவர். பகைவரோ அவரைக் ‘கசாப்புக்காரன் மகன்’ என்றே ஏசினர். குலப்பெருமை இல்லாத அம்மனிதர் பூண்ட கேடயத்தைச் சற்றே நோக்குவோம்.

கரிய களத்தில், ஓரம் வளைவு வளைவாய் வெட்டுண்ட வெள்ளிச் சிலுவை. அதன்மேல் நான்கு நீலச் சிறுத்தை முகங்கள். சிலுவை வடிவம் சபோக் பிரபுக்களாய் விளங்கிய உபோர்டு குடும்பத்தினுடையது. சிறுத்தை முகங்கள் பின்வந்த டி லா போல் குடும்பத்தினுடையவை. பிறந்த மண்ணின் பழங்குடிகளிடம் பெருமையை இரவல் வாங்கினார் போலும்! நடுவிலுள்ள சிங்கம், 1515-இல் அவருக்குக் கார்டினல் பதவி அளித்த போப்பாண்டவர் பத்தாம் லியோவைக் குறிக்கும். லியோ என்பது இலத்தீனில் சிங்கமன்றோ? மேலே பொன்னிறப் பட்டையில் செந்நிற ரோஜா. அது அரச குலத்துப் பூ. அதன் இருமருங்கும் செவ்வலகும் செங்காலும் உடைய காக்கைகள் இரண்டு. இவை 1170-இல் கான்டர்பரி தேவாலயத்திற்குள்ளேயே வெட்டுண்டு மாண்ட பேராயர் தாமஸ் பெக்கட்டின் சின்னம். வுல்சியின் பெயரும் தாமஸ் ஆதலின், நம் புலவர் சிலேடையில் காணும் சுவையை இங்கும் காண்கிறோம்.

சிறு மடங்கள் பலவற்றை மூடி, அவற்றின் செல்வங்கொண்டே இக்கல்லூரியை எழுப்பினார் என்பது நமக்கு உவப்பான செய்தியன்று. மன்னனின் மணவிலக்குக்குப் போப்பாண்டவரின் இசைவைப் பெற்றுத்தர இயலாமையால் 1529-இல் அவர் வீழ்ந்தார். மறு ஆண்டு, கைதியாய் இலண்டனுக்குக் கொண்டுவரப்படும் வழியில், லெஸ்டரில் உயிர் நீத்தார். சொந்த ஊரில் அவர் தொடங்கிய கல்லூரி அழிந்தது. வாயில் ஒன்றே மிஞ்சியது. ஆக்ஸ்போர்டுக் கல்லூரியையோ மன்னன் தனதாக்கி, 1532-இல் தன் பெயரையே சூட்டினான். 1546-இல் அது கிறைஸ்ட் சர்ச் ஆயிற்று.

இடையில் 1534-இல் மன்னன் ரோமாபுரியோடு உறவறுத்தான். 1538-இல் பெக்கட்டின் சமாதியைத் தகர்த்து, அவர் உருவங்களை நாடெங்கும் அகற்றுமாறு ஆணையிட்டான். ஆயினும் இன்று அக்கல்லூரியின் சின்னமாய் விளங்குவது வுல்சியின் கேடயமே. மன்னன் வெறுத்த போப்பாண்டவரின் சிங்கமும், பெக்கட்டின் காக்கைகளும், கார்டினலின் சிவப்புத் தொப்பியும் அங்கே உள்ளன. பெரிய முற்றத்தைச் சுற்றி அவர் கட்டக் கருதிய வளைவு மண்டபம் மட்டும் முற்றுப்பெறவில்லை. அதற்கென இட்ட தொடக்கக் கற்களைச் சுவரோரம் இன்றும் காணலாம்.