கிரீக் எல்லாம் ஓடை இல்லை

'கிரீக்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு 'சிற்றோடை' என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லோடு நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிப் பாலத்தில் போய் நின்று பாருங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கீழே கிடக்கிற தண்ணீரை யாராவது ஓடை என்பாங்களா? ஆனா பழைய ஆங்கில மாலுமி ஒருத்தன் தயங்காமல் 'கிரீக்' என்றிருப்பான்.

ஏனென்றால் அது கடலோடிகளின் சொல். பழைய நோர்ஸ் மொழியில் 'கிரிகி' என்றால் மூலை, வளைவு. அங்கிருந்து வந்த ஆங்கிலச் சொல் கடல் கரைக்குள் நுழைகிற ஒடுங்கிய நீர்வழியைக் குறித்தது. டச்சுக்காரரின் 'கிறேக்' இதற்கு உறவு. இங்கிலாந்தில் இன்றைக்கும் முதல் பொருள் அதுதான்.

பிறகு எப்படி ஓடை ஆனது? 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஆங்கிலேயர் கடலில் இருந்து இந்த நீர்வழிகளுக்குள்ளே படகு விட்டார்கள். வாயிலில் வைத்த பேர் மேலே போகப் போக நன்னீர் ஓடைக்கும் ஒட்டிக்கொண்டது. கடலையே காணாத ஊர் ஓடையும் அங்கே கிரீக்தான். ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேல்: வருசத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லாத மணல் தடமும் கிரீக்!

ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். நம்மவர் வேலை செய்யும் துபாயின் கிரீக், அரபியில் 'கோர்', உள்ளே வந்த கடல். இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லைக்குச் சண்டை பிடிக்கிற சர் கிரீக் 96 கிலோமீட்டர் நீளம். அதைச் சிற்றோடை என்றால் சிரிப்பு வராதா?

நமக்கோ சொல்லுக்குப் பஞ்சமில்லை. களப்பு, கழி, கழிமுகம், தொடுவாய், முகத்துவாரம். கிண்ணியாப் பக்கம் உப்பாறு என்றொரு பேரே இருக்கு. உப்புத் தண்ணீர் என்பதைப் பேரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. ஓடை என்று எழுதினால் படிக்கிறவர் மனசில் மழை ஓடும் கான்தான் வரும். ஒடுக்கலாம், மூடலாம் என்று தோணும். களப்பின் வாய் என்றால் இறால் குஞ்சும் மீனும் கண்டல் மரமும் சேர்ந்து வரும். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைப் பாருங்க. அனல்மின் நிலையச் சாம்பலால் கெட்டுப்போன அந்த நீரின் பெரும்பகுதியைக் காட்டாத அரசு வரைபடம் ஒன்று 2017இல் பெரிய சர்ச்சையானது. காகிதத்தில் தண்ணீர் மறைந்தால், அந்த இடத்தில் கட்டடத்துக்கு நிலம் முளைக்கும்.

அடுத்தமுறை 'கிரீக்' என்று வந்தால் ஒரேயொரு கேள்வி கேளுங்க: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருது? மலைப் பக்கமிருந்து மட்டும் என்றால் ஓடை. கடலும் உள்ளே வந்து போகுது என்றால், அந்தக் கரையில் வலை வீசுகிறவரிடம் பேரைக் கேட்டு எழுதுங்க.