எறும்பு அறிந்ததும் அறியாததும்

"சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி, மொய்க்காவிட்டால் கவலை வேண்டா" என்று நம் காலனி மூத்தோர் சிலர் கூற இன்றும் கேட்கிறோம். இக்கூற்றின் முற்பாதி நெடுங்கால அனுபவத்தில் விளைந்த உண்மை. பிற்பாதியோ நம்மை ஏமாற்றும் பெருந்தவறு. அஃது எவ்வாறு என்பதை இந்நோயைக் கண்டறிந்த வரலாறே நமக்கு விளக்கும்.

நீரிழிவு நம் நாட்டு வைத்தியத்திற்குப் புதியதன்று. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பண்டை நூல்கள் இதனை 'மதுமேகம்' என்று குறிக்கின்றன. நோயாளியின் நீர் தேனை ஒத்திருப்பதையும், எறும்புகள் அதனை நாடி வருவதையும் அம்மருத்துவர்கள் கண்டிருந்தனர். பிறவியோடு வருவது, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது என இந்நோயை இருவகையாகப் பிரித்தது சுசுருத நூல். முன்னதை உடையார் மெலிந்திருப்பர் என்றும், பின்னதை உடையார் பருத்து, படுக்கையையும் இருக்கையையும் விரும்புவர் என்றும் அது கூறுகிறது. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் இத்துணை கண்டது வியப்பன்றோ!

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கப்படோசியா நாட்டு அரிட்டேயஸ் என்னும் மருத்துவர் இந்நோயை விரிவாக வருணித்தார். 'டயாபிட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே வழிந்தோடுவது என்பது பொருள். ஆயினும் நீரின் இனிப்பை மேலை மருத்துவம் உணர நெடுங்காலம் ஆயிற்று. 1674-இல் வெளிவந்த தம் நூலில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் அவ்வினிப்பைக் குறிப்பிட்டார். அக்காலத்தில் மருத்துவர் நீரைச் சுவைத்தே நோயை அறிந்தனர்!

1776-இல் லிவர்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன் தம் ஆய்வை வெளியிட்டார். நோயாளியின் நீரை அவர் காய்ச்சி வற்றச் செய்தபோது சர்க்கரை போன்ற வெண்பொருள் எஞ்சியது. அதனினும் முக்கியமாக, நோயாளியின் இரத்தநீரும் இனிப்பதை அவர் கண்டார். இனிப்பு சிறுநீரகத்தில் பிறப்பதன்று, இரத்தத்திலிருந்தே வருவது என்னும் உண்மைக்கு அப்போதே வழி திறந்தது. 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் கணையத்தை நீக்கியதும் அதற்கு நீரிழிவு தோன்றியது. 1921-இல் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரிக்கும் வழி கண்டனர். மறு ஆண்டு சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. நோயைக் கண்டும் காக்க இயலாதிருந்த நிலை அன்று மாறிற்று.

சோதனை முறைகளும் வளர்ந்தன. 1908-ஆம் ஆண்டையொட்டி ஸ்டான்லி பெனடிக்ட் அமைத்த நீலக் கரைசலில் சில துளி சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். சோதனைக் குழாயும் விளக்கும் கொண்டு வீட்டிலேயே இதனைச் செய்த குடும்பங்களும் உண்டு. ஆயினும் இச்சோதனையும் எறும்பின் வழியையே பின்பற்றியது. ஏனெனில், இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதனை வெளியே விடும். முதியோர் சிலருக்கு இவ்வரம்பு இன்னும் உயர்ந்திருக்கும். ஆகவே நோய் தொடங்கிய பின்னும் எறும்பு வாராமல் இருக்கலாம். அதற்குள் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை மெல்லப் பழுதுபடலாம்.

எனவேதான் இன்று இரத்தமே சான்றாகக் கொள்ளப்படுகிறது. எட்டு மணி நேரமேனும் உண்ணாதிருந்தபின் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. 75 கிராம் குளூக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அவ்வாறே. 1968-இல் ஈரானியரான சாமுவேல் ராபர் செய்த கண்டுபிடிப்பின் வழியே 'எச்பிஏ1சி' சோதனை வளர்ந்தது. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அச்சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நோயைக் குறிக்கும். இரத்தசோகை உடையாரிடம் இவ்வளவு பிழைபடலாம் என்பதால் மருத்துவரின் தீர்ப்பே முடிவானது. அறிகுறி இல்லாதவர்க்கு மறுமுறையும் சோதித்தே நோயை உறுதி செய்வர்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வோ, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டென மதிப்பிட்டது.

ஊர்விட்டு வந்து, நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நாம், சுசுருத நூல் கூறிய இரண்டாம் வகையினரை நம் இல்லங்களிலேயே காண்கிறோம். ஆண்டுதோறும் விழாவிற்குத் தவறாது கூடுகிறோம். முப்பதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை இரத்தத்தையும் சோதித்துக்கொள்வோமாக. முன்னோர்க்கு வழிகாட்டிய எறும்புக்கு நன்றி கூறுவோம். ஆனால் அதன் வரவுக்காகக் காத்திருக்க வேண்டா.