இனிஷியல் எந்தப் பக்கம்?

செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் தீராத தலைவலிக்காக ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுக்கிறார், பிறகு மதுரைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அந்தப் பெரிய ஃபிலிம் கவரை மடங்காமல் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு போவதே தனி அவஸ்தை! இன்றைக்கு ஒரு சி.டி. போதும். ராஜபாளையத்து மெஷின் எடுத்த படம், வேறு கம்பெனி செய்த மதுரை கம்ப்யூட்டரில் பளிச்சென்று திறக்கிறது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதற்காக ஒரு சமாதான உடன்படிக்கையே தேவைப்பட்டது!

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, படம் என்றால் ஃபிலிமோ கண்ணாடித் தகடோதான். சென்னையில் 1934-ல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறந்தபோதும் அப்படியே. அதில் ஒரு பெரிய சௌகரியம்... எந்த மெஷின் எடுத்திருந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரும் பார்க்கலாம்.

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் நிலைமை மாறியது. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினீயர் செய்த சி.டி. ஸ்கேனர், முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அவர் வேலை பார்த்தது, பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பெனியில்! அந்தப் படம் உண்மையில் படமே அல்ல. 80-க்கு 80 கட்டங்களில் அடுக்கிய எண்கள். பிறகு வந்த ஒவ்வொரு கம்பெனியும் எண்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாது. நோயாளியின் மண்டைக்குள் இருப்பது, மெஷின் விற்றவரின் பெட்டிக்குள் சிறைப்பட்டது.

பொறுத்துப் பார்த்த அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் சங்கமும், மெஷின் தயாரிப்பாளர்கள் சங்கமும் 1983-ல் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. 1985-ல் பொது விதி வந்தது. 50 முனை கொண்ட கனத்த கேபிளால் ஒரு மெஷினை இன்னொன்றோடு நேராக இணைக்கும் ஏற்பாடு அது. 1993-ல் நெட்வொர்க்கிலேயே படம் போகும்படி விதியைத் திருத்தி 'டைகாம்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகமே பேசுவது அந்தப் பாஷைதான்.

ஸ்கேன் மெஷினைப் படக் கிடங்கோடு சேர்ப்பது, இரண்டு பேரை அறிமுகம் செய்துவைப்பது மாதிரி. 16 எழுத்துக்குள் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு வாசல் எண். இந்த மூன்றையும் இரு பக்கமும் சொல்லிக்கொடுத்து, 'எக்கோ' என்று ஒரு குரல் விடுவார்கள். பதில் வந்தால் சம்பந்தம் முடிந்தது!

ஆனால், நம்மூர் சிக்கல் ஒன்று பாக்கி. டைகாமில் முதலில் குடும்பப் பெயர், அடுத்து சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதானே! போன தடவை 'ஆர்.முருகன்', இந்தத் தடவை 'முருகன் ஆர்' என்று தட்டினால், தனி எண் கைகொடுக்காதபோது கிடங்கில் இரண்டு முருகன்கள். பழைய படம் ஒருவரிடம், புதுப் படம் இன்னொருவரிடம். மூளையில் இருந்த கட்டி ஆறு மாதத்தில் வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டிய டாக்டருக்குப் பழைய படம் கண்ணில் படவே படாது.

வரவேற்பறையில் ஒரு தடவை பதிந்த பெயரையும் எண்ணையும் மெஷினே வாங்கிக்கொள்ளும் 'வொர்க்லிஸ்ட்' வசதி இதற்காகத்தான். அந்த முதல் பதிவே தப்பானால்?

அதனால், அடுத்த முறை ஸ்கேனுக்குப் போனால் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். அதிலுள்ள பெயரையும் நோயாளி எண்ணையும் அப்படியே கொடுங்கள். இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!