எட்டுப் புள்ளிகளில் ஒரு வீரர்: மேசைக் கதைவிளையாட்டின் புள்ளிக் கணக்கு

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தாளும் பென்சிலும் சில பகடைகளும் போதும். மின்சாரமோ இணையமோ தேவையில்லை.

இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியானது, அமெரிக்காவில் 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அதில் பாத்திரத்தின் பலம், அறிவு போன்ற ஆறு இயல்புகளும் பகடையால் முடிவாகின. மூன்று பகடைகளை உருட்டினால் 3 முதல் 18 வரை எந்த எண்ணும் வரலாம். ஒருவருக்குப் பலசாலி கிடைப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு எதற்கும் இயலாத ஒருவர் கிடைப்பார். கதை தொடங்கும் முன்பே ஒருவர் பின்தங்கிவிடுவார். இந்தக் குறைக்கு ஒரு பதிலாக வந்ததுதான் புள்ளி முறை. எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள் கொடுக்கப்படும்; அவற்றை எதில் செலவிடுவது என்பது அவரவர் முடிவு.

மிக எளிய விதி

ஸ்டீவ் ஜக்சன் என்ற அமெரிக்கர் 1977இல் வடிவமைத்த 'மிலீ' என்ற சிறு சண்டை விளையாட்டில் இந்த முறையை மிகத் தெளிவாகக் காணலாம்.

1. பாத்திரத்துக்குப் பலம், லாவகம் என்று இரண்டே இயல்புகள். இரண்டும் 8இல் தொடங்கும்.
2. கையில் மேலதிகமாக 8 புள்ளிகள். விரும்பியபடி இரண்டுக்கும் பிரிக்கலாம். மொத்தம் எப்போதும் 24.
3. அடிக்கும்போது மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை லாவகத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் அடி விழும்.
4. எவ்வளவு அடி தாங்கலாம், எவ்வளவு கனமான ஆயுதம் தூக்கலாம் என்பதைப் பலம் காட்டும்.

எட்டுப் புள்ளிகளை இரண்டாகப் பிரிக்க ஒன்பது வழிகள்தான் உண்டு. ஆனாலும் அந்தத் தெரிவு இலேசானதல்ல. லாவகம் 10 என்றால் இரண்டு அடியில் ஒன்றுதான் விழும். 12 என்றால் நூற்றுக்கு 74, 14 என்றால் ஏறத்தாழ 91. ஆனால் லாவகத்தை 14 ஆக்கியவருக்குப் பலம் 10தான். பெரிய வாளைத் தூக்க முடியாது, வாங்கும் அடியையும் அதிகம் தாங்க மாட்டார். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே இந்த முறையின் அச்சாணி.

விலை ஒன்றல்ல

பின்னர் வந்த விளையாட்டுகள் எல்லா இயல்புக்கும் ஒரே விலை வைக்கவில்லை. ஜக்சனே 1986இல் வெளியிட்ட 'கேர்ப்ஸ்' விளையாட்டின் நான்காம் பதிப்பில் பலத்தை ஒரு படி உயர்த்த 10 புள்ளிகள். லாவகத்துக்கும் அறிவுக்கும் 20. பெரும்பாலான திறன்கள் இந்த இரண்டிலும் தங்கியிருப்பதே காரணம்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸும் இந்த வழியை ஏற்றுக்கொண்டது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், பகடை உருட்ட விரும்பாதவர்கள் 27 புள்ளிகளை ஆறு இயல்புகளுக்குப் பங்கிடலாம். எல்லாம் 8இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு புள்ளிகள். ஒன்றில் உச்சத்துக்குப் போக விரும்புபவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

குறைக்கும் ஒரு கணக்கு

1981இல் வந்த 'சம்பியன்ஸ்' விளையாட்டில் பாத்திரத்துக்கு ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் மேலதிகப் புள்ளிகள் கிடைத்தன. கேர்ப்ஸும் அதைப் பின்பற்றியது. அதன் நான்காம் பதிப்பில் ஒரு கை இல்லாத பாத்திரத்துக்கு 20 புள்ளிகள், ஒரு கண் இல்லாதவருக்கு 15.

கையையும் காலையும் கண்ணையும் போரில் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு வாழும் எங்கள் ஊர்களில் இந்த வரியை வாசிப்பவர் ஒரு கணம் நின்றுவிடுவார். வாழ்க்கையில் இழப்புக்கு யாரும் புள்ளி தருவதில்லை. உரிய நிவாரணம் கூடப் பலருக்குக் கிடைத்ததில்லை. அந்த 20 புள்ளிகளை ஒரு கையின் பெறுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கை இல்லாத பாத்திரமும் மற்றவர்களுக்குச் சமமான பங்குடன் கதைக்குள் வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் புள்ளிகளால் அவர் கூர்மையான அறிவையோ பேச்சுத் திறனையோ பெறலாம். அதேவேளை, கதையில் எந்த இடைஞ்சலும் தராத குறைக்குப் புள்ளி கிடையாது. ஏற்றுக்கொண்ட குறை கதை நெடுகக் கூடவே வரும்.

தொடங்குபவர்களுக்கு

முதன்முதலாக விளையாடுபவர்கள் இரண்டு அல்லது மூன்று இயல்புகளோடு தொடங்குவது நல்லது. எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் பாத்திரம் எதிலும் சிறக்காது. முழுவதையும் ஒன்றிலேயே கொட்டினால் முதல் தடையிலேயே விழுந்துவிடும். புள்ளி போடும் முன், 'இவர் யார், எதற்காக இந்தக் கதைக்குள் வருகிறார்?' என்று கொப்பியில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிகள் எங்கே போகவேண்டும் என்பதை அந்த வரியே காட்டிவிடும்.