உள்ளூர்ப் புள்ளியளவைகள்

நிலப்பரப்பு ஒன்றின் ஒவ்வோர் இடத்தையும் அதன் அண்டை இடங்களோடு ஒப்பிட்டு, ஒத்த மதிப்புகள் கூடிநிற்கும் கொத்துகளையும், அண்டையோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் இடங்களையும் கண்டறியும் அளவைகள். நோய்ப்பரவல், குற்றம், வீட்டு விலை ஆகியவற்றின் ஆய்வில் பயன்படுகின்றன.

இவற்றுக்கு முன்னோடியாக 1854இல் லண்டன் சோஹோவின் காலராவை ஆராய்ந்த ஜான் ஸ்னோவைச் சொல்வதுண்டு. அவரிடம் சூத்திரம் ஏதுமில்லை. ஆகவே முன்னோடி என்ற பெயர் எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. எனினும் கொத்து, விலக்கு இரண்டையும் அவர் பதிவுசெய்தார். பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிச் சாவுகள் குவிந்தபோது, அதே தெருவின் பீர் ஆலையில் வேலைபார்த்த எழுபதுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாயை நாடவே இல்லை. அருகிலிருந்த ஏழையர் விடுதியின் 535 பேரில் 5 பேரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஒரு கைம்பெண் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் மீதுள்ள விருப்பத்தால், அதை வண்டியில் போத்தலில் வரவழைத்துக் குடித்தவர் அவர். குவியலைவிட இந்த விலக்குகளே தண்ணீரைக் காட்டிக்கொடுத்தன எனலாம்.

பின்னர் சூத்திரங்களாக வந்த பேட்ரிக் மோரன் (1950), ராய் கியரி (1954) ஆகியோரின் அளவைகள் முழுப் பரப்புக்கும் ஒரே எண்ணைத் தந்தன; கொத்து எங்கே உள்ளது என்பதை அந்த எண் காட்டவில்லை.

1987இல் ஸ்டான் ஓப்பன்ஷா குழுவினர் வட இங்கிலாந்தின் வரைபடமெங்கும் கணினியால் வட்டங்களிட்டுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க் கொத்துகளைத் தேடினர். ஆர்தர் கெட்டிஸும் கீத் ஆர்டும் 1992இல் வெளியிட்ட அளவை, முழுப்பரப்பு எண்ணில் புலப்படாத கொத்துகளையும் காட்டியது. வட கரோலினாவின் கவுண்டிகளில் நிகழ்ந்த திடீர்ச் சிசு மரணங்கள் அவர்கள் எடுத்த சான்றுகளுள் ஒன்று. உயர்மதிப்புக் கொத்தையும் தாழ்மதிப்புக் கொத்தையும் அது பிரித்தறிந்தது. அண்டைக்கு மாறாக நிற்கும் இடத்தை அடையாளம் காட்டவில்லை. அக்குறையை லூக் அன்செலினின் 1995ஆம் ஆண்டுக் கட்டுரை நீக்கியது. மோரனின் எண்ணை இடவாரியாகப் பகுத்து, உயர்ந்தவற்றிடையே தாழ்ந்ததையும் தாழ்ந்தவற்றிடையே உயர்ந்ததையும் அது தனியே வகைப்படுத்தியது. ஓர் இடத்தின் மதிப்பை நிறுத்திவைத்து, மற்றவற்றைப் பலமுறை குலுக்கிப்போட்டு, கிடைத்த அமைப்பு தற்செயலா என்று சோதிப்பது அதன் முறை. 42 ஆப்பிரிக்க நாடுகளின் மோதல்கள் அங்கே சான்றாயின.

நூறு இடங்களைச் சோதித்தால், ஐந்து விழுக்காட்டு வரம்பில், ஏறத்தாழ ஐந்து இடங்கள் தற்செயலாகவே தேறிவிடும். இதற்கான திருத்தம் எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அண்டை எது என்று வரையறுப்பதைப் பொறுத்தும் முடிவு மாறக்கூடும்.

அண்மையில் இவை பல மாறிகளுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளன. ஜியோடா முதலிய மென்பொருள்களில் கிடைக்கின்றன.