செல்வமும் வாக்கும்: திருவனந்தபுரம் கண்ட தேர்தல்கள்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்தது. அவ்வீதியில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்து வருகின்றனர். பிற மாநிலங்களில் தொழில் நடத்தும் தமிழர் பலருக்கும் உள்ளத்தில் எழும் வினா ஒன்று அவர்களுக்கும் எழுந்திருக்கும். வரி செலுத்துகிறோம், பலருக்கு வேலை தருகிறோம், ஆயின் நாட்டை ஆளும் சபையில் நமது இடம் யாது? தொழிலில் வென்றவர் மக்கள் பிரதிநிதியாகவும் ஆகலாமா? இவ்வினாவுக்குத் திருவனந்தபுரத்தின் சரித்திரம் தரும் விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

1888-ஆம் ஆண்டு, மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், திருவிதாங்கூரில் எட்டு அங்கத்தினர் கொண்ட சட்ட நிர்மாண சபை தோன்றியது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிற்று. மறு ஆண்டு அச்சபையின் நூறு அங்கத்தினரில் 77 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிகளுக்கு அளிக்கப்பட்டது. எந்தக் குடிகளுக்கு? ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி செலுத்தியோர், 2,000 ரூபாய்க்குக் குறையாத வருமானம் உடையோர், பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தோர் ஆகியோருக்கே. செல்வம் உடையவன் பேசலாம். இல்லாதவன் விண்ணப்பம் செய்யலாம் என்பதே அக்கால நீதி. சாலை வீதியில் கடை முதலாளிக்கு வாக்கு உண்டு. அவர் கடையில் மூட்டை சுமந்தவருக்கு இல்லை.

சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் இவ்வேலியைப் பிடுங்கி எறிந்தது. 1951-52 பொதுத் தேர்தலில் முதலாளிக்கும் ஒரு வாக்கு, மூட்டை தூக்குபவருக்கும் ஒரு வாக்கு. அத்தேர்தலில் திருவனந்தபுரம் அனுப்பிய பிரதிநிதி ஆனி மஸ்கரீன் அம்மையார். அவர் எக்கட்சியையும் சாராத சுயேச்சை. சிறைவாசம் கண்ட தேசத் தொண்டர். 1957-இல் வழக்கறிஞர் ஈசுவர ஐயர், 1962-இல் பி. எஸ். நடராஜ பிள்ளை, 1971-இல் வி. கே. கிருஷ்ண மேனன் ஆகியோரும் சுயேச்சைகளாகவே நின்று வென்றனர்.

இவர்களுள் நடராஜ பிள்ளையின் வரலாறு தமிழராகிய நாம் அறிய வேண்டியது. அவர் 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் புதல்வர். அந்நாடகம் வெளிவந்த 1891-ஆம் ஆண்டே அவர் பிறந்ததும். பேரூர்க்கடையில், தம் ஆசிரியர் ஹார்வியின் நினைவாகத் தந்தையார் ஹார்விபுரம் எனப் பெயரிட்ட பெரும் நிலம் குடும்பத்துக்கு இருந்தது. மகன் விடுதலைப் போராட்டத்தில் இறங்கவே, சமஸ்தான அரசு அந்நிலத்தைப் பறிமுதல் செய்தது. பின்னர் அவர் அரசியல் நிர்ணய சபையில் திருவிதாங்கூரின் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தார். 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் நிதி மந்திரியுமானார். அதிகாரம் கையில் இருந்தபோதும் இழந்த சொத்தை அவர் மீட்டுக்கொள்ள விரும்பவில்லை என்பர். மாறாக, நிலச் சீர்திருத்த மசோதாக்களைச் சபையின்முன் வைத்தார். நிலத்தை இழந்த அவரை 1962-இல் மக்கள் லோக் சபைக்கு அனுப்பினர். செல்வம் இருந்தால்தான் சபை என்றிருந்த அதே ஊரில், செல்வத்தை இழந்தவருக்குச் சபை கிட்டியது. 1966-இல் அவர் காலமானார்.

அப்படியாயின் தொழிலதிபருக்கு இடமில்லையா? உண்டு. ஆயினும் அது எளிதன்று. சென்னையில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி வணிகத்தில் பெயர் பெற்றபின் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நிதி மந்திரியுமானார். ஆனால் 1971-இல் பம்பாயில் நேவல் டாட்டாவும், ராஜஸ்தானத்தின் ஜுன்ஜுனுவில் கே. கே. பிர்லாவும் தோற்றனர். பிர்லா பிற்பாடு ராஜ்ய சபை வழியாகவே பார்லிமெண்டில் நுழைந்தார்.

திருவனந்தபுரத்தில் இப்போட்டி 2024-இல் நேர்ந்தது. கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய ஆண்டுகளில் பி.பி.எல். மொபைல் நிறுவனத்தை 1994-இல் அமைத்தவர் ராஜீவ் சந்திரசேகர். 2006 முதல் ராஜ்ய சபை அங்கத்தினராகவும், 2021 முதல் மத்திய ராஜாங்க மந்திரியாகவும் இருந்த அவர், பாரதிய ஜனதா அபேட்சகராக முதன்முறை லோக் சபைத் தேர்தலில் நின்றார். காங்கிரஸின் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். டெக்னோபார்க் அமைந்துள்ள கழக்கூட்டத்திலும், வட்டியூர்க்காவிலும், நேமத்திலும் தொழிலதிபர் முந்தினார். கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய தெற்குப் பகுதிகள் அந்த முன்னிலையைக் கரைத்துவிட்டன. கணிப்பொறி முன் அமர்ந்தவரின் வாக்கும் கடலில் வலை வீசியவரின் வாக்கும் ஒரே எடையில் எண்ணப்பட்டன.

சட்டம் தொழிலதிபரைத் தடுக்கவில்லை. சில நிபந்தனைகளை மட்டும் விதிக்கிறது. லோக் சபைக்கு நிற்பவர், தம் வணிகத்தின்பொருட்டு மத்திய அரசுக்குச் சரக்கு அளிக்கவோ, அதன் வேலைகளைச் செய்யவோ செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருத்தல் கூடாது, இருந்தால் தகுதியிழப்பார். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளையடுத்து, 2003 முதல் அபேட்சகர் தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். 2024-இல் பெரிய மாநிலங்களில் ஓர் அபேட்சகர் செய்யத்தக்க செலவு 95 லட்ச ரூபாய். 1951-52-இல் இது 25,000 ரூபாயாக இருந்தது. விற்பவனும் வாங்குபவனும் ஒருவனே ஆகிவிடக் கூடாது, பணம் மறைவில் நின்று பேசக் கூடாது என்பதே இவ்விதிகளின் கருத்து. எனினும் கட்சிகள் செய்யும் செலவுக்கு வரம்பில்லை. ஆதலால் காவல் முழுமையாயிற்று எனச் சொல்வதற்கில்லை. எஞ்சிய காவல் வாக்காளர் கையிலேயே உள்ளது.

நேயர்களே, இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. இந்நாட்டின் ஏதேனும் ஒரு லோக் சபைத் தொகுதியில் வாக்காளராக இருப்பவர், வேறு மாநிலத் தொகுதியிலும் அபேட்சகராக நிற்கலாம். வாக்களிப்பதோ, நாம் வழக்கமாக வசிக்கும் ஊரில்தான். பிறந்த ஊரை எண்ணி, வாழும் ஊரின் பட்டியலில் பெயர் சேர்க்காது விடுவோர் நம்மில் பலர். 1905-இல் 50 ரூபாய் வரி கட்டியவனுக்கு மட்டும் கிட்டிய உரிமை, இன்று நமக்கு வரியின்றிக் கிடைத்திருக்கிறது. தொழிலதிபர் வாக்குக் கேட்டு வரும்போது, "நீர் எவ்வளவு சேர்த்தீர்?" என்று வியந்து நிற்க வேண்டா, "எங்களுக்காக எதைவிடச் சித்தமாயிருக்கிறீர்?" என்று கேட்போம். ஹார்விபுரத்தை இழந்தவரைத் தேர்ந்தெடுத்த ஊர் நமக்குக் கற்பிப்பது அவ்வினாவையே.